கடற்கரை மணலில் பிளாஸ்டிக் துகள்: கடலூர், சிதம்பரம் வட்டார உழவர் கவனத்திற்கு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், கடலூர் தேவனாம்பட்டினத்தில் சில்வர் பீச் என்று வழங்கும் வெள்ளிக் கடற்கரையில் நடந்து சென்றால், அலை ஏறி நின்ற இடத்தில் நீளவாக்கில் ஒரு கோடு தென்படும். ஆறு அடித்து வந்த ஆகாயத்தாமரை, மூங்கில் துண்டு, சருகு ஆகியவை அந்தக் கோட்டில் ஒதுங்கிக் கிடக்கும். சருகை விலக்கி மணலைக் கிளறிப் பார்த்தால், நீலம், வெள்ளை, பச்சை, சிவப்பு என்று பல நிறங்களில் அரிசிக் குறுணை போன்ற துணுக்குகளும் நூல் இழைகளும் கலந்திருப்பதைக் காணலாம். இவை கிளிஞ்சல் அல்ல; பிளாஸ்டிக் துகள்கள்.

கடற்கரையைப் பற்றிய செய்தி உழவர் இதழில் எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். மணலில் கிடக்கும் வெள்ளை இழைகளுள் ஒரு பகுதி உரச்சாக்கிலிருந்து பிரிந்தது. கறுப்புத் தகடுகளுள் ஒரு பகுதி காய்கறிப் பாத்தியில் விரித்த நிலப்போர்வையிலிருந்து கிழிந்தது. வயலில் தொடங்குவதை வயலிலேயே தடுக்கலாம். கடற்கரைக்குப் போன பிறகு தடுக்க இயலாது. இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நுண்பிளாஸ்டிக் என்பது யாது?

5 மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுள்ள பிளாஸ்டிக் துகள்கள் நுண்பிளாஸ்டிக் எனப்படும். துவரம்பருப்பு அளவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு வரை இவை உள்ளன. கடல் நீரில் சிறு பிளாஸ்டிக் துகள்கள் மிதப்பது 1972 ஆம் ஆண்டிலேயே அட்லாண்டிக் கடலில் கண்டறியப்பட்டது. எனினும், இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சன் குழுவினர் 2004 இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே, நுண்பிளாஸ்டிக் என்ற பெயர் பரவலாயிற்று.

இத்துகள்கள் இரு வகைப்படும்.

1. தொழிற்சாலைகளில் சிறு மணிகளாகவே செய்யப்படுபவை. குடம், சாக்கு முதலிய பெரும்பாலான பிளாஸ்டிக் பொருள்கள் இம்மணிகளை உருக்கித்தான் செய்யப்படுகின்றன. 2021 இல் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து சுமார் 1,680 டன் மணிகள் கடலில் கலந்து, இலங்கையின் மேற்குக் கடற்கரையை மூடின. 2025 மே மாதத்தில் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியபோது, இத்தகைய மணிகள் கன்னியாகுமரிக் கரை வரை வந்து ஒதுங்கின.

2. பெரிய பொருள்கள் உடைந்து துகளாக மாறுபவை. நம் கடற்கரைகளில் மிகுதியாகக் காணப்படுபவை இவையே. நாம் கவனிக்க வேண்டியதும் இந்த வகையையே.

துகளாக உடைவது எப்படி?

களத்து மேட்டில் ஓராண்டு வெயிலில் கிடந்த பழைய உரச்சாக்கைத் தூக்கிப் பார்த்த அனுபவம் எல்லா உழவர்களுக்கும் உண்டு. பிடித்த இடம் கையோடு வரும். மீதி பொடியாக உதிரும். நுண்பிளாஸ்டிக் உண்டாகும் முறை முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது.

சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர், பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறு சங்கிலிகளை அறுக்கின்றது. வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் இதற்குத் துணை செய்கின்றன. பொருள் தன் வளையும் தன்மையை இழந்து நொறுங்குகின்றது. பிறகு காற்று, மிதிபடுதல், ஏர்க்கலப்பை, ஆற்று வெள்ளம், அலை ஆகியவை அதனை மேலும் மேலும் சிறிதாக்குகின்றன. வைக்கோலும் தோகையும் மக்கும்போது நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று உரமாக்கிவிடுகின்றன. பிளாஸ்டிக் அவ்வாறு மக்குவதில்லை; பிளாஸ்டிக்காகவே இருந்துகொண்டு சிறுத்துப் போகின்றது.

சிறுத்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 60 செ.மீ. அகலமும் 90 செ.மீ. நீளமும் உள்ள ஒரு சாக்கின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது 2 மி.மீ. சதுரத் துண்டுகளாக உடைந்தால் 1,35,000 துண்டுகள் ஆகும். சாக்காக இருக்கையில் ஒரு முறை குனிந்தால் எடுத்துவிடலாம். துகளான பின் ஆயிரம் பேர் குனிந்தாலும் எடுக்க முடியாது.

ஆறுகள் கொண்டு சேர்ப்பவை

கடலூர் மாவட்டம் பல ஆறுகளின் கடைமடை. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, கடலூருக்கு வடக்கே தாழங்குடா அருகில் கடலில் சேர்கின்றது. கெடிலமும், பரவனாற்று நீரைச் சுமந்து வரும் உப்பனாறும் கடலூர் துறைமுகத்தை ஒட்டிக் கடலை அடைகின்றன. ஆத்தூர் வழியாக வரும் வசிட்ட நதி கலந்த வெள்ளாறு, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கின்றது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்களின் வடிகால்கள் வெள்ளாற்றிலும் கொள்ளிடத்திலும் பிச்சாவரம் கழிமுகத்திலும் போய் விழுகின்றன. கான்சாகிப் வாய்க்கால் அவற்றுள் ஒன்று.

ஆகவே, மேட்டூர்களில் வாய்க்காலில் எறிந்த ஒரு பாலிதீன் பை, ஒரு பெருமழையில் நம் கடற்கரைக்கு வந்து சேரும். நம் வயலில் விட்டதற்கோ அவ்வளவு தூரங்கூட இல்லை.

சென்னையிலுள்ள தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இந்தியாவின் தென்கிழக்குக் கடற்கரையில் 25 இடங்களில் மணலை ஆராய்ந்து 2018 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு சதுர மீட்டருக்கு 2 முதல் 178 துகள்கள் வரை காணப்பட்டன. ஆற்று முகத்துவாரங்களை அடுத்த கடற்கரைகளில்தான் துகள்கள் அதிகமாக இருந்தன. சுற்றுலாவும் மீன்பிடித் தொழிலும் மிகுந்த கரைகள் அதற்கு அடுத்த நிலையிலேயே இருந்தன. கடற்கரைக்கு உல்லாசமாக வருகிறவர்கள் போடும் குப்பையே காரணம் என்று எண்ணுபவர்கள் இம்முடிவைச் சிந்திக்க வேண்டும்.

கரைக்கு வந்த துகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கிச் செல்கின்றது; தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கு நோக்கித் திரும்புகின்றது. எனவே கடலூர் முகத்துவாரத்தில் விழுந்தது பரங்கிப்பேட்டைப் பக்கமும் போகும். வெள்ளாற்றில் வந்தது கடலூர்ப் பக்கமும் வரும். ஓர் ஊர் மட்டும் துப்புரவாக இருந்து தன் கரையைக் காப்பாற்றிக்கொள்ள இயலாது.

எல்லாப் பிளாஸ்டிக்கும் மிதப்பதும் இல்லை. கடல் நீரின் ஒப்படர்த்தி சுமார் 1.025. பாலிதீனும், உரச்சாக்கு நெய்யப்படும் பாலிபுரொப்பிலீனும் இதைவிட இலேசானவை. ஆகவே மிதந்து கரை ஒதுங்குகின்றன. மீன் வலை நைலான், பி.வி.சி. குழாய், தண்ணீர் பாட்டில் செய்யப்படும் பெட் ஆகியவை கனமானவை. இவற்றின் துகள்கள் கழிமுகச் சேற்றிலும் கடலடியிலும் தங்கிவிடுகின்றன. மணலில் நாம் காண்பது ஒரு பகுதியே.

கடற்கரையின் தரம் கெடுவது எவ்வாறு?

கடற்கரையின் தரம் என்பது கண்ணுக்கு அழகாக இருப்பது மட்டும் அன்று. மணல், நீர், மணல்மேட்டுச் செடிகள், அவற்றை நம்பி வாழும் உயிர்கள் ஆகிய அனைத்தும் நலமாக இருப்பதே தரம்.

மணலுக்குள் வாழும் புழுக்களும் நண்டுகளும் சிப்பிகளும் உணவோடு உணவாகத் துகள்களை விழுங்குகின்றன. இவற்றை மீன் தின்கின்றது. மேலே கூறிய 2018 ஆம் ஆண்டு ஆய்வில், சோதிக்கப்பட்ட மீன்களில் சுமார் பத்தில் ஒன்றின் வயிற்றில் துகள்கள் இருந்தன.

துகளின் தீமை துகளோடு முடிவதில்லை. எண்ணெய்ப் பசையுள்ள நஞ்சுகளைப் பிளாஸ்டிக் தன் மேல் ஈர்த்துக்கொள்கின்றது. டி.டி.டி. சிதைவதால் உண்டாகும் பொருள், கடல் நீரில் இருப்பதைப் போல் பல இலட்சம் மடங்கு பிளாஸ்டிக் மணிகளில் சேர்ந்திருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001 இல் கண்டறிந்தனர். வயல்களில் தெளித்த மருந்தின் எச்சமும் வயலில் விட்ட பிளாஸ்டிக்கும் கடலில் மீண்டும் ஒன்றுசேர்கின்றன என்றே கொள்ளலாம்.

தை முதல் பங்குனி வரை நம் கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. மணலின் வெப்பநிலையைப் பொறுத்தே குஞ்சு ஆணா, பெண்ணா என்பது முடிவாகின்றது. பிளாஸ்டிக் துகள் கலந்த மணல் சூடேறும் வேகமும், அதனூடே நீர் இறங்கும் வேகமும் மாறுகின்றன என்று ஹவாய்த் தீவு மணலில் செய்து 2011 இல் வெளியான ஆய்வு காட்டியது.

பிச்சாவரத்தில் வெண்கண்டல் மரங்களின் மூச்சு வேர்கள் சேற்றுக்கு மேல் ஆணி அடித்தாற்போல் நிற்கின்றன. வெள்ளத்தில் வரும் பைகளும் சாக்குகளும் இவற்றில் சிக்கிப் போர்த்திக்கொள்கின்றன. இறாலும் மீனும் குஞ்சு பொரித்து வளரும் இடம் இந்தக் காடு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது தன் பின்னால் இருந்த ஊர்களுக்கு அரணாக நின்றதும் இந்தக் காடே.

வயலின் பங்கு எவ்வளவு?

கடலில் சேரும் பிளாஸ்டிக் அனைத்தும் உழவரால் வந்தது அன்று. நகரக் குப்பை, மீன் வலை, தெர்மோகோல் பெட்டி, கப்பல் விபத்து ஆகியவற்றுக்கும் பங்குண்டு. எனினும் நம் பங்கையும் நாம் அறிந்திருத்தல் நல்லது.

காய்கறிப் பயிருக்கு 25 மைக்ரான் கனமுள்ள நிலப்போர்வை விரிப்பதாகக் கொள்வோம். ஒரு சதுர மீட்டர் விரிப்பின் எடை சுமார் 23 கிராம். ஒரு ஏக்கரில் பாதிப் பரப்பை, அதாவது 2,000 சதுர மீட்டரை மூடினால் 46 கிலோ பிளாஸ்டிக் நிலத்தில் இருக்கும். அறுவடைக்குப் பின் பத்தில் ஒரு பங்கு கிழிந்து மண்ணில் தங்கினாலும், ஒரு பட்டத்தில் நாலரைக் கிலோவுக்கு மேல் சேர்ந்துவிடும். இது கடலுக்குப் போனால் கடலுக்குக் கேடு. போகாமல் தங்கினால் நம் மண்ணுக்குக் கேடு. மண்ணில் தேங்கிய பிளாஸ்டிக் நீர் இறங்குவதையும் வேர் ஓடுவதையும் தடுக்கின்றது.

மற்றொன்று மணல் மூட்டை. வெள்ளக் காலத்தில் உடைப்பு அடைக்கப் பழைய உரச்சாக்குகளையே பயன்படுத்துகிறோம். ஆபத்து நேரத்தில் அது சரியே. வெள்ளம் வடிந்தபின் அவற்றை எடுப்பார் இல்லை. அடுத்த கோடையில் அவை வெயிலில் நைந்து, அடுத்த மழையில் கடலுக்குப் போகின்றன. கரையைக் காத்த சாக்கே கடற்கரையைக் கெடுக்கின்றது.

மணலைச் சோதிக்கும் எளிய முறை

கீழ்க்கண்ட சோதனையை உழவர் குழுவினரும் பள்ளி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் செலவின்றிச் செய்யலாம்.

1. அலை ஏறி நின்று சருகு ஒதுங்கிய கோட்டின் மேல், 50 செ.மீ. நீள அகலமுள்ள ஒரு சதுரத்தைக் கயிற்றால் குறித்துக்கொள்ள வேண்டும். கயிறு சணல் கயிறாக இருக்கட்டும்.

2. சதுரத்திற்குள் மேலாக 2 செ.மீ. ஆழ மணலை மட்டும் அள்ளி, தகர வாளியில் இட வேண்டும். ஏறத்தாழ 8 கிலோ மணல் கிடைக்கும்.

3. மணலை நிழலில் உலர்த்தி, முதலில் 5 மி.மீ. சல்லடையிலும், அதில் இறங்கியதைப் பிறகு 1 மி.மீ. சல்லடையிலும் சலிக்க வேண்டும். இரண்டாம் சல்லடையில் தங்குவதே நமக்கு வேண்டியது.

4. ஒரு லிட்டர் நீரில் 350 கிராம் உப்பைக் கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். இக்கரைசலின் ஒப்படர்த்தி சுமார் 1.2 ஆகும். சல்லடையில் தங்கியதை இதில் இட்டுக் கலக்கிச் சிறிது நேரம் வைத்தால், மணலும் கிளிஞ்சலும் அடியில் தங்கும். பாலிதீன், சாக்கு இழை, தெர்மோகோல், நைலான் ஆகியவை மேலே மிதக்கும். பி.வி.சி., பெட் துகள்கள் இம்முறையில் மிதந்து வாரா.

5. மிதப்பவற்றில் சருகும் விதையும் இருக்கும். ஐயம் ஏற்பட்டால், காய்ச்சிய ஊசி முனையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் உருகிச் சுருளும், சருகு கருகும்.

6. எண்ணிக்கையை நான்கால் பெருக்கினால், ஒரு சதுர மீட்டருக்குரிய அளவு கிடைக்கும். உதாரணமாக, 12 துகள்கள் கிடைத்தால் சதுர மீட்டருக்கு 48 என்று கொள்ள வேண்டும்.

ஆற்று முகத்துவாரத்தின் அருகில் ஓரிடமும், அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓரிடமும் தேர்ந்து, புரட்டாசியில் ஒரு முறையும் மார்கழியில் ஒரு முறையும் சோதித்துக் குறித்து வைப்பது நலம். ஆறு என்ன கொண்டு வந்தது என்பது தெளிவாகும்.

உழவர்கள் செய்ய வேண்டியவை

1. காலம் தவறாமை: வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20 ஐ ஒட்டித் தொடங்குகின்றது. அதற்கு முன், புரட்டாசிக்குள், வரப்பு, வாய்க்கால், மோட்டார் கொட்டகை ஆகியவற்றைச் சுற்றிக் கிடக்கும் பிளாஸ்டிக் அனைத்தையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். வாய்க்கால் தூர் வாரும்போதே இதனையும் சேர்த்துச் செய்தால் தனி ஆட்கூலி தேவைப்படாது. எடுத்த தூரைக் கரையில் போடும் முன் பைகளைப் பிரித்துவிட வேண்டும். இல்லையேல் முதல் மழையில் அவை மீண்டும் வாய்க்காலுக்கே வரும்.

2. சாக்குகள்: உரச்சாக்கை வெயில் படாத இடத்தில் மடித்து அடுக்கி, முழுதாக இருக்கும்போதே பழைய பொருள் வாங்குவோரிடம் கொடுத்துவிட வேண்டும். வேலி மறைப்பாகவும் களத்தில் விரிப்பாகவும் நிரந்தரமாக விட்டு வைத்தல் கூடாது. கரை அடைக்கச் சணல் சாக்கு கிடைக்குமாயின் அதுவே சிறந்தது. பிளாஸ்டிக் சாக்கைப் பயன்படுத்த நேர்ந்தால், வெள்ளம் வடிந்ததும் மணலைக் கொட்டிவிட்டுச் சாக்கை எடுத்துவிட வேண்டும்.

3. நிலப்போர்வை: மிக மெல்லிய விரிப்பு விலை குறைவாயினும் எடுக்கும்போது கிழிந்து மண்ணிலேயே தங்கும். பயிரின் வயதுக்கேற்ற கனமுள்ளதை வாங்கி, கடைசி அறுவடை முடிந்தவுடன் உழவுக்கு முன் சுருட்டி எடுக்க வேண்டும். விரிப்பின் மேல் ஒருபோதும் ஏர் ஓட்டக் கூடாது. நெல்லிக்குப்பம் போன்ற கரும்புப் பகுதிகளில் தோகையும், சிதம்பரம் பகுதியில் வைக்கோலும் மூடாக்குக்கு ஏற்றவை. இவை மக்கி மண்ணுக்கு வளம் சேர்க்கும்.

4. மருந்துப் புட்டிகள்: காலியான புட்டியை மும்முறை நீர் விட்டு அலசி, அலசிய நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்ற வேண்டும். பிறகு புட்டியில் துளையிட்டு, வாய்க்காலுக்குத் தொலைவில் தனியே சேர்த்து வைத்து ஒப்படைக்க வேண்டும். கழனியோரம் எறிதலும் தண்ணீர் எடுக்கப் பயன்படுத்துதலும் கூடவே கூடா.

5. நாற்றுப் பைகளும் கட்டுக் கயிறும்: நடும்போது பையைக் கிழித்து எடுத்து ஒரு கூடையில் சேர்க்க வேண்டும், குழிக்குள் விடுதல் கூடாது. பந்தல் கட்டவும் முட்டுக் கொடுக்கவும் பிளாஸ்டிக் கயிற்றுக்கு மாற்றாகத் தென்னங்கயிறு, வாழைநார் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம்.

6. நகரக் குப்பை உரம்: வாங்கும் முன் ஒரு பிடி எடுத்து நீரில் கரைத்துப் பார்க்கவும். பிளாஸ்டிக் துணுக்குகள் மிதந்தால் அந்த உரம் வேண்டாம். நிலத்தில் இட்ட பின் பிரித்தெடுக்க வழியில்லை.

7. எரித்தல் கூடாது: பிளாஸ்டிக்கை எரித்தால் தீர்ந்தது என்று எண்ணுவது தவறு. பி.வி.சி. எரியும்போது நச்சு வாயுக்கள் வெளிப்படும். அரைகுறையாக எரிந்த கட்டி நொறுங்கி மீண்டும் துகளாகும்.

8. கடற்கரை மணல்மேடு: கடலோரச் சவுக்கு, முந்திரி, மணிலாப் பயிர் செய்வோர், மணல்மேட்டிலுள்ள அடும்புக் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் அழிக்கக் கூடாது. இவை மணலைப் பிடித்து வைப்பதோடு, காற்றில் வரும் குப்பையையும் தடுத்து நிறுத்துகின்றன. அங்கே சிக்கிய பைகளைக் கையால் எடுத்தால் போதும். இயந்திரம் கொண்டு வாரினால் மணலும் செடியும் சேர்ந்தே போய்விடும்.

சட்டமும் நம் பொறுப்பும்

ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பதினான்கு வகைகளைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி முதல் நாள் தொட்டுத் தடை செய்துள்ளது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் தொடங்கப்பட்டது. இந்திய அரசும் 2022 சூலை முதல் பல பொருள்களுக்குத் தடை விதித்தது. ஆனால் உரச்சாக்கு, நிலப்போர்வை, சொட்டுநீர்க் குழாய் ஆகியவை இத்தடைகளுக்குள் வரவில்லை. இவற்றின் பயன் பெரிது; இவை வேண்டாம் என்று கூற இயலாது. சட்டம் கேட்காத இடத்தில் நாமே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை சாக்கு வயலுக்குப் போனது, எத்தனை திரும்பி வந்தது என்று ஒவ்வொரு பட்டத்தின் முடிவிலும் எண்ணிப் பார்ப்பது, விதை நெல்லைக் கணக்குப் பார்ப்பது போல் வழக்கமாக வேண்டும்.

ஒரு சாக்கால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள், அது எத்தனை துகளாகும் என்ற கணக்கை நினைவில் கொள்க. கடற்கரையை எத்தனை முறை பெருக்கினாலும், அடுத்த மழைக்கு ஆறு கொண்டு வருவதை நிறுத்தாதவரை மணல் தூய்மையாகாது. கடலோர மீனவரும் கடைமடை உழவரும் ஒரே ஆற்றின் முடிவில் வாழ்கின்றவர்கள். ஆகவே உழவர் பெருமக்கள் பிளாஸ்டிக்கை அது முழுதாக இருக்கும்போதே, மழைக்கு முன்பே, வயலிலேயே எடுத்து, தம் மண்ணையும் நம் கடற்கரையையும் ஒருங்கே காத்திட வேண்டுகிறோம்.